ஒரே ஒரு யூனிட்டை மாற்றிப் பாருங்கள்: கல்லூரி வகுப்பைத் திருத்தி அமைக்க ஒரு முழு வழிகாட்டி

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வரும் வகுப்பை யாரும் கேட்டு வாங்குவதில்லை. எனக்குப் பல ஆண்டுகளாக அதுதான் வாய்க்கிறது. பி.காம். மூன்றாம் ஆண்டு, மேனேஜ்மென்ட் அக்கவுண்டிங், 62 பேர், சத்தம் மட்டும் போடும் நான்கு மின்விசிறிகள். கரும்பலகையில் மார்ஜினல் காஸ்டிங், அதாவது செலவை நிலையானது, மாறுவது என்று பிரித்துப் பார்க்கும் கணக்கைப் போட்டுக்கொண்டே போவேன். முன்வரிசை எழுதும். நடுவரிசை எழுதுவதுபோல் இருக்கும். கடைசி வரிசையைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. "புரிஞ்சுதா?" என்று கேட்டால் "புரிஞ்சுது சார்" என்று ஒரே குரலில் பதில் வரும். அந்தக் குரலை நம்பியே பத்து வருடம் ஓட்டிவிட்டேன்.

நடுவில் ப்ரொஜெக்டர் வந்தது, பிறகு ஸ்மார்ட் போர்டு வந்தது. கரும்பலகையில் போட்டதையே ஸ்லைடில் போட்டேன். போர்ஷன் சீக்கிரம் முடிந்தது, விடைத்தாள் மட்டும் மாறவில்லை. 2020-இல் கல்லூரி மூடிக் கிடந்தபோது வீட்டு மாடியில் உட்கார்ந்து 43 நிமிட வீடியோக்களாக எடுத்துத் தள்ளினேன். எத்தனை பேர் எதுவரை பார்த்தார்கள் என்று யூடியூப் காட்டும் கோட்டைத் திறந்து பார்த்த அன்றைக்குத்தான் முதல் உதை விழுந்தது. நான்காம் நிமிடத்திலேயே பாதிப் பேர் இறங்கிப் போயிருந்தார்கள்.

அதன் பிறகு வேறு வரிசையில் வேலை செய்யத் தொடங்கினேன். முதலில் பாடத்தில் எந்த இடம் உடைகிறது என்று பார்ப்பது, அடுத்து அந்த இடத்துக்குக் கேள்வி எழுதுவது, பிறகு வகுப்பு நேரத்தைப் பிரிப்பது, கருவியைக் கடைசியில் எடுப்பது. கீழே இருப்பது அந்த வரிசைதான். உதாரணம் என் பாடத்திலிருந்து வரும். இயற்பியலோ வரலாறோ நடத்துகிறவர்கள் தங்கள் பாடத்தை அந்த இடத்தில் வைத்துக்கொள்ளலாம்.

படி 1: பழைய விடைத்தாளைத் தோண்டுங்கள்

முழுப் பாடத்தையும் ஒரே செமஸ்டரில் மாற்றப் போகாதீர்கள். ஐந்து யூனிட்டில் ஒன்றை மட்டும் எடுங்கள். எது என்று மனதுக்குப் பட்டபடி முடிவு செய்ய வேண்டாம். சென்ற ஆண்டின் மாடல் தேர்வு விடைத்தாள்கள் துறை அலமாரியில் கிடக்கும். ஒரு முப்பதை எடுத்துக்கொண்டு உட்காருங்கள். மதிப்பெண்ணைப் பார்க்காமல், எந்த வரியில் கணக்கு தடம் புரள்கிறது என்று மட்டும் குறித்துக்கொண்டே வாருங்கள்.

நான் பார்த்தபோது ஒரு விசித்திரம் தெரிந்தது. லாபமும் நட்டமும் இல்லாத விற்பனை அளவைச் சொல்லும் பிரேக் ஈவன் சூத்திரத்தை ஏறக்குறைய எல்லோரும் சரியாக எழுதியிருந்தார்கள், எண்களையும் சரியாகவே போட்டிருந்தார்கள். அதே கணக்கின் கடைசி வரியில் "இந்த ஆர்டரை ஏற்கலாமா?" என்று கேட்ட இடத்தில்தான் பலரும் விழுந்திருந்தார்கள். அவர்களுக்குச் சூத்திரம் தெரியும், அது எதற்கு என்று தெரியாது. நான் அத்தனை வருடமும் நடத்தியது சூத்திரத்தைத்தான் என்பதும் அப்போதுதான் எனக்கு உறைத்தது.

படி 2: முடிவிலிருந்து பின்னோக்கி வாருங்கள்

பாடத்திட்டத்தில் முதல் தலைப்பில் தொடங்கி வரிசையாக நடத்திக்கொண்டு போவதுதான் நம் பழக்கம். பின்னோக்கித் திட்டமிடும் முறை அதைத் திருப்பிப் போடுகிறது. அமெரிக்கக் கல்வியாளர்கள் கிராண்ட் விக்கின்ஸும் ஜே மக்டையும் 1998-இல் இதைப் பெரிதாகப் பரப்பினார்கள். யூனிட் முடியும் நாளில் மாணவர் எதைச் செய்து காட்ட வேண்டும் என்று முதலில் எழுத வேண்டும். அதைச் செய்தார் என்பதற்கு எது சான்று என்பது இரண்டாவது. அந்தச் சான்று வரை அவரைக் கொண்டுபோக எந்த வகுப்பு வேண்டும் என்பது கடைசி.

கல்லூரிக்குத் தரச்சான்று தரும் நாக், என்.பி.ஏ. குழுக்கள் வரும்போது, பாடம் முடிந்ததும் மாணவர் என்ன செய்வார் என்று சொல்லும் கோர்ஸ் அவுட்கம் எழுதி, 3, 2, 1 என்று கட்டங்களை நிரப்பியது எல்லோருக்கும் நினைவிருக்கும். அந்தத் தாள்களை நான் இப்போது தனியாக எடுத்து வைத்திருக்கிறேன், ஃபைலுக்காக அல்லாமல் வகுப்புக்காக. அதில் "மாணவர் மார்ஜினல் காஸ்டிங் கருத்துகளைப் புரிந்துகொள்வார்" என்று இருந்தது. புரிந்துகொண்டாரா என்று எப்படிப் பார்ப்பது? அதை இப்படி மாற்றினேன்: "ஒரு சிறு தொழிலின் செலவுகளை நிலையானவை, மாறுபவை என்று பிரித்து, குறைந்த விலைக்கு வரும் ஆர்டரை ஏற்பதா மறுப்பதா என்று காரணத்தோடு முடிவு சொல்வார்." பிரிப்பார், முடிவு சொல்வார் என்ற இரண்டையும் கண்ணால் பார்க்க முடியும். 1956-இல் வந்து 2001-இல் திருத்தப்பட்ட புளூமின் அடுக்குகள், அதாவது நினைவில் வைப்பது முதல் மேலே போகும் கற்றல் படிகளின் பட்டியல், இந்த வினைச்சொல்லைத் தேடத்தான் உதவும். அதற்கு மேல் அதில் நேரம் செலவழிக்க வேண்டியதில்லை.

"அஃபிலியேட்டட் காலேஜ், சிலபஸ் நம்ம கையிலயா இருக்கு?" என்று நண்பர்கள் கேட்பார்கள். சிலபஸ் பல்கலைக்கழகத்தின் கையில் இருப்பது உண்மைதான். எந்தத் தலைப்புக்கு எத்தனை மணி நேரம், எதை வகுப்பில் நடத்துவது, எதை வீட்டுக்கு அனுப்புவது என்பதெல்லாம் லெசன் பிளானில் வருகிறது. லெசன் பிளானை எழுதுவது நாம்தான்.

படி 3: மாணவர் கையில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள்

கருவியைத் தேர்ந்தெடுக்கும் முன் ஒரு அரைத்தாளைக் கொடுத்து நான்கு கேள்வி கேளுங்கள். சொந்த ஃபோனா, வீட்டில் பகிர்ந்துகொள்ளும் ஃபோனா? ஒரு நாளைக்கு எத்தனை ஜிபி டேட்டா? வீட்டில் சிக்னல் எங்கே கிடைக்கும்? கல்லூரி முடிந்து வேலைக்குப் போகிறீர்களா?

தாளில்தான் கேட்க வேண்டும். கூகுள் ஃபார்மில் கேட்டால் ஃபோன் இல்லாதவர் அந்தக் கணக்கிலேயே வரமாட்டார்.

என் வகுப்பில் இந்த நான்காவது கேள்விதான் திட்டத்தை மாற்றியது. மாலையில் துணிக்கடையிலும் மெடிக்கல் ஷாப்பிலும் நிற்கும் பிள்ளைகள் இரவு பத்து மணிக்கு மேல்தான் வீடு திரும்புகிறார்கள். "இன்று இரவு எட்டு மணிக்குள் குவிஸ் முடிக்க வேண்டும்" என்று நான் அதுவரை வைத்திருந்த கெடு யாருக்குத் தண்டனையாக இருந்தது என்று தெரிந்தது. இப்போதெல்லாம் நான் வைக்கும் கெடு மறுநாள் வகுப்பு தொடங்கும் நேரம்.

படி 4: ஒரு நல்ல கேள்வி எழுதுங்கள்

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். மற்ற படிகள் சற்றுச் சறுக்கினாலும் இது நன்றாக இருந்தால் வகுப்பு உயிரோடு இருக்கும்.

ஹார்வர்டில் இயற்பியல் நடத்திய எரிக் மஸூர் தன் மாணவர்கள் நன்றாகவே படிக்கிறார்கள் என்று நம்பிக்கொண்டிருந்தார். கடினமான கணக்குகளைப் போட்டவர்கள், விசையைப் பற்றிய எளிய கருத்துக் கேள்விகளில் தடுமாறினார்கள். 1991 முதல் அவர் வகுப்பை மாற்றினார். கொஞ்ச நேரம் விளக்கம், பிறகு ஒரு கேள்வி, ஆளுக்கொரு வாக்கு, பக்கத்தில் இருப்பவரோடு வாதம், மறுபடி வாக்கு. சகமாணவர் கற்பித்தல் என்று சொல்லப்படும் முறை இதுதான். இதன் அச்சாணி அந்தக் கேள்வி. அதில் கணக்குப் போடும் வேலை குறைவாகவும் யோசிக்கும் வேலை அதிகமாகவும் இருக்க வேண்டும். ஒவ்வொரு தவறான விடையும் மாணவர் உண்மையிலேயே நினைக்கும் தவறாக இருக்க வேண்டும்.

என் கேள்வி இது:

ஒரு இட்லி மாவுக் கடையில் மாதம் 3,000 பாக்கெட் விற்கிறது. ஒரு பாக்கெட் விலை 50 ரூபாய். அரிசி, உளுந்து, கவர் எல்லாம் சேர்த்துப் பாக்கெட்டுக்கு 30 ரூபாய் ஆகிறது. கடை வாடகை, கிரைண்டர் தவணை, ஆள் சம்பளம் என்று மாதம் 45,000 ரூபாய், எத்தனை பாக்கெட் விற்றாலும் இது மாறாது. இதே ஆட்களையும் இயந்திரத்தையும் வைத்து இன்னும் 2,000 பாக்கெட் போட முடியும். பக்கத்து ஊர் ஹாஸ்டல் ஒன்று மாதம் 1,000 பாக்கெட், ஒன்று 38 ரூபாய் என்று கேட்கிறது. கொண்டுபோகும் செலவு அவர்களுடையது. என்ன செய்வீர்கள்?

ஏ: மறுப்பேன், பாக்கெட்டுக்கு 7 ரூபாய் நட்டம்.
பி: ஏற்பேன், மாத லாபம் 8,000 ரூபாய் கூடும்.
சி: மறுப்பேன், பாக்கெட்டுக்கு 3.25 ரூபாய் நட்டம்.
டி: ஏற்றாலும் மறுத்தாலும் லாபம் மாறாது.

விடை பி. வாடகையும் சம்பளமும் எப்படியும் போகத்தான் போகின்றன. புதிதாக ஆகும் செலவு 30 ரூபாய், வருவது 38. மீதி 8 ரூபாய், ஆயிரம் பாக்கெட்டுக்கு 8,000. மாத லாபம் 15,000-இலிருந்து 23,000 ஆகிறது.

இப்போது தவறான விடைகளைப் பாருங்கள். ஏ சொல்பவர் 45,000-ஐ 3,000-ஆல் வகுத்து, 15 ரூபாயை 30-உடன் கூட்டி, அடக்கம் 45 என்று பிடித்துக்கொள்கிறார். சி சொல்பவர் ஒரு படி மேலே போகிறார். பாக்கெட் 4,000 ஆகும்போது நிலையான செலவு 11.25 ஆகக் குறையும் என்று சரியாகக் கணக்கிடுகிறார், அடக்கம் 41.25, ஆகவே நட்டம் என்கிறார். கணக்கில் பிழை இல்லை, யோசனையில்தான் பிழை. வகுப்பில் நன்றாகப் படிப்பவர்கள் விழுவது சி-யில்தான். அவர்களே தவறு என்று தெரியும்போது அறையில் ஒரு சலசலப்பு எழும். எனக்கு அந்தச் சலசலப்புதான் வேண்டும்.

நல்ல தவறான விடைகளை எங்கிருந்து எடுப்பது? முதல் படியில் குறித்து வைத்தீர்களே, அந்த விடைத்தாள்களிலிருந்துதான். ஒரு யூனிட்டுக்கு ஆறு கேள்வி போதும். ஒரு கேள்வி எழுத எனக்கு இன்றைக்கும் ஒரு மாலை பிடிக்கிறது.

படி 5: ஐம்பது நிமிடத்தைப் பிரியுங்கள்

முதல் ஐந்து நிமிடம், சென்ற வகுப்பிலிருந்து இரண்டு சிறு கேள்வி. நோட்டை மூடிவிட்டு விடை எழுத வேண்டும். மதிப்பெண் கிடையாது. அடுத்த பத்து நிமிடம் நீங்கள் பேசலாம். பிறகு கேள்வியைப் பலகையில் போடுங்கள், உரக்கப் படியுங்கள், வாயை மூடிக்கொள்ளுங்கள்.

வாயை மூடிக்கொள்வதுதான் கஷ்டம். கேள்வி கேட்டுவிட்டு ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடி அளவுதான் காத்திருக்கிறார்கள் என்று அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970-களில் கண்டார். மூன்று நொடி காத்திருந்தாலே பதில்கள் நீளமாகவும் தெளிவாகவும் வந்தன. யோசிக்க வேண்டிய கேள்விக்கு நான் இரண்டு நிமிடம் விடுகிறேன். முதல் தடவை அந்த இரண்டு நிமிட மௌனத்தில் எனக்கே வியர்த்தது.

பிறகு முதல் வாக்கு. யாரும் யாரையும் பார்க்காமல், பேசாமல். அதற்கு என் வகுப்பில் பிளிக்கர்ஸ் அட்டை வைத்திருக்கிறேன். ஒவ்வொரு மாணவர் கையிலும் ஒரு தாள், அதில் கறுப்பு வெள்ளைக் கட்டம். எந்தப் பக்கம் மேலே இருக்கிறதோ அதுதான் விடை. ஆசிரியர் தன் ஃபோன் கேமராவால் அறையை ஒரு சுற்றுச் சுற்றினால் யார் எதைச் சொன்னார்கள் என்று எண்ணிவிடும். மாணவர்களிடம் ஃபோனோ டேட்டாவோ தேவையில்லை. 63 பேர் வரைக்கும் அட்டை அச்சிடலாம், என் வகுப்பு 62. அட்டை நாளடைவில் கிழியுமே என்று பளபளப்பாக லேமினேஷன் போட்டுவிடாதீர்கள். ஜன்னல் வெளிச்சம் பட்டுக் கேமரா முழிக்கும். தடித்த சாதாரண அட்டையில் ஒட்டினால் போதும். அதுகூட வேண்டாம் என்றால், கண்ணை மூடிக்கொண்டு நெஞ்சோடு ஒட்டி ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு விரல் காட்டச் சொல்லலாம். எண்ணிக்கை துல்லியமாக வராது, நிலவரம் தெரியும்.

சரியான விடை 30 விழுக்காட்டுக்குக் கீழே என்றால் கேள்வி அவர்களுக்கு எட்டவில்லை, திரும்ப விளக்குங்கள். 70-க்கு மேல் என்றால் அடுத்ததற்குப் போங்கள். நடுவில் இருந்தால் விடையைச் சொல்லாமல், "பக்கத்துல வேற விடை சொன்னவங்களைப் பிடிச்சு, உங்க பக்கம் இழுங்க" என்று மூன்று நிமிடம் கொடுங்கள். எண்ணிக்கையைக் காட்டாதீர்கள். காட்டினால் கூட்டம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் சாய்ந்துவிடும்.

மாவுக் கடைக் கேள்வியை முதன்முதலில் வைத்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. முதல் வாக்கில் 62 பேரில் 19 பேர்தான் பி. வாதம் தொடங்கியது. ஒரு பையன் எழுந்து, "நாப்பத்தஞ்சு ரூவா அடக்கம் ஆகுது சார், முப்பத்தெட்டுக்கு எப்படிக் குடுக்குறது?" என்றான். மூன்றாவது வரிசையிலிருந்து, அதுவரை வகுப்பில் ஒரு வார்த்தை பேசியிராத பெண் தலையைத் தூக்கினாள். "எங்கம்மா குடுப்பாங்க. வாடகை எப்படியும் குடுத்துத்தானே ஆகணும்? அரிசிக் காசு போக எட்டு ரூவா கையில நிக்குதுல்ல?" அவளைச் சுற்றி இருந்தவர்கள் திரும்பினார்கள். இரண்டாவது வாக்கில் 47 பேர் பி. நான் இன்னும் ஒரு வரிகூட விளக்கியிருக்கவில்லை.

விடை தெரிந்த ஒருவர் சொல்லித்தானே மற்றவர்கள் மாற்றிக்கொள்கிறார்கள் என்று தோன்றலாம். கொலராடோ பல்கலைக்கழகத்தின் மரபியல் வகுப்பில் இதைச் சோதித்து 2009-இல் வெளியிட்டார்கள். குழுவில் ஒருவருக்கும் முதலில் விடை தெரியாதபோதுகூட, பேசிய பிறகு சரியாகச் சொல்பவர்கள் கூடினார்கள்.

வாதம் முடிந்ததும் விடையை விளக்குங்கள். ஏ ஏன் தவறு, சி ஏன் தவறு என்றும் தனித்தனியாகச் சொல்லுங்கள். அதை விட்டுவிட்டால் தவறாக நினைத்தவர் தன் தவறை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார். ஒரு வகுப்பில் இப்படி இரண்டு கேள்வி போதும், மூன்றாவது என்றால் மூச்சு வாங்கும்.

படி 6: போர்ஷன் எப்படி முடியும்?

துறைத் தலைவர் கேட்கும் கேள்வி இது. நியாயமானதும்கூட.

வகுப்பில் பலகையைப் பார்த்து எழுதும் நேரத்தை ஒருநாள் கடிகாரத்தை வைத்துக் கணக்கிட்டேன். விளக்கம், வரையறை, அட்டவணை என்று நான் சொல்லி அவர்கள் எழுதியதுதான் பாதிக்கு மேல். அதை முன்கூட்டியே கொடுத்துவிட்டால் நேரம் கிடைத்துவிடும். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் உட்லேண்ட் பார்க் பள்ளி ஆசிரியர்கள் ஜோனதன் பெர்க்மனும் ஆரன் சாம்ஸும் 2007 வாக்கில் செய்யத் தொடங்கியது இதைத்தான். விளக்கம் வீட்டில் வீடியோவாக, கணக்கு வகுப்பில்.

ஆனால் என் 43 நிமிடத் தவறைச் செய்யாதீர்கள். எட்எக்ஸ் என்ற இணையப் பாடத் தளத்தின் 69 லட்சம் வீடியோ பார்வைகளை ஆராய்ந்து 2014-இல் வெளிவந்த ஆய்வு, எவ்வளவு நீளமான வீடியோவாக இருந்தாலும் மாணவர்கள் ஒட்டியிருக்கும் இடைநிலை (மீடியன்) நேரம் ஆறு நிமிடத்தைத் தாண்டவில்லை என்றது. ஸ்லைடை மட்டும் காட்டியதைவிட, கையால் எழுதிக்கொண்டே பேசிய வீடியோக்களை அதிக நேரம் பார்த்தார்கள். அதனால் என் ஸ்டுடியோ இப்போது ஒரு மேஜை, வெள்ளைத்தாள், ஸ்கெட்ச் பேனா, புத்தகங்களை அடுக்கி அதன் விளிம்பில் கவிழ்த்து வைத்த ஃபோன். ஒரு வீடியோ, ஒரு கருத்து, ஆறு நிமிடம். வெட்டி ஒட்டும் வேலை கிடையாது. இருமினால் இருமல் அப்படியே இருக்கும்.

வீடியோவோடு அதையே ஒரு பக்கத் தாளாகவும் கொடுங்கள். டேட்டா தீர்ந்தவர் தாளைப் படிப்பார். நான் பேசுவது தமிழில், கலைச்சொற்களை ஆங்கிலத்தில் சொல்லித் தமிழில் விளக்குவேன். தேர்வை ஆங்கிலத்தில் எழுதினாலும் யோசிப்பது எந்த மொழியில் என்று நமக்குத் தெரியாததா.

எல்லாவற்றையும் நாமே எடுக்க வேண்டும் என்றும் இல்லை. ஐ.ஐ.டி.களும் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து நடத்தும் என்.பி.டெல், மத்திய அரசு 2017-இல் தொடங்கிய ஸ்வயம் என்ற இரண்டு இணையப் பாடத் தளங்களிலும் வேண்டிய அளவு கிடக்கிறது. அறிவியல் ஆசிரியர்களுக்குக் கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் சிமுலேஷன்கள், அதாவது கணினியில் செய்து பார்க்கும் சோதனைகள், இருக்கின்றன, பலவும் தமிழில் கிடைக்கும். எக்செல் போன்ற விரிதாளைப் பழக்க ஐ.ஐ.டி. பம்பாயின் ஸ்போக்கன் டுடோரியல் தமிழ்க் குரலோடே இருக்கிறது. முழுத் தொடரின் இணைப்பை அனுப்பி "பாருங்கள்" என்றால் யாரும் பார்க்கமாட்டார்கள். "பன்னிரண்டாம் நிமிடத்திலிருந்து பதினேழு வரை" என்று குறித்து அனுப்பினால் பார்க்கிறார்கள்.

எங்கே வைப்பது? வாட்ஸ்அப் குழுவில் வேண்டாம். பிறந்தநாள் வாழ்த்துக்கும் லீவ் லெட்டருக்கும் அடியில் புதைந்துவிடும். பாடப்பொருள் எல்லாம் கூகுள் கிளாஸ்ரூமிலோ, கல்லூரியில் சர்வர் இருந்தால் மூடுல் என்ற இலவசப் பாட மென்பொருளிலோ இருக்கட்டும். அது அலமாரி. வாட்ஸ்அப் வெறும் மணி, "யூனிட் மூன்று வந்திருக்கிறது" என்று அடிக்க மட்டும்.

பார்க்காமல் வருபவர்கள் இருப்பார்கள். அவர்களுக்காக வகுப்பில் மறுபடி முழுதாக நடத்தினீர்களானால் அடுத்த வாரம் ஒருவரும் பார்த்துவிட்டு வரமாட்டார்கள். முதல் ஐந்து நிமிடக் கேள்வி எழுதும்போது பார்க்காதவர் கையில் அந்த ஒரு பக்கத் தாளைக் கொடுத்துப் படிக்கச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

படி 7: சிறு தேர்வு, அடிக்கடி

உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கும் 2006-இல் செய்த சோதனை எனக்குப் பிடித்த ஒன்று. ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்களும், ஒருமுறை படித்துவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களும். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது எழுதிப் பார்த்தவர்கள் முந்தினார்கள். பரீட்சைக்கு முதல்நாள் ராத்திரி மனப்பாடம் செய்வது ஏன் வேலை செய்வதுபோல் தெரிகிறது, ஏன் செமஸ்டர் விடுமுறை முடிவதற்குள் ஆவியாகிறது என்று இதிலேயே தெரியும்.

வாரம் ஒரு ஐந்து கேள்வி குவிஸ் வையுங்கள். மூன்று கேள்வி இந்த வாரத்தது, இரண்டு பழைய யூனிட்டிலிருந்து. அந்த இரண்டை விட்டுவிடாதீர்கள். கூகுள் ஃபார்ம்ஸில் ஒவ்வொரு கேள்விக்கும் தவறான விடைக்கான விளக்கம் எழுதும் இடம் இருக்கிறது, பலர் அதைத் திறந்தே பார்ப்பதில்லை. "தவறு" என்று சிவப்பில் காட்டுவதைவிட, "வாடகையை மறுபடி கூட்டிவிட்டீர்களா என்று பாருங்கள்" என்ற ஒரு வரி அதிக வேலை செய்யும். மூடுல் இருந்தால் கணக்கிடும் வகைக் கேள்வி ஒன்று உண்டு. சூத்திரத்தை ஒருமுறை கொடுத்தால் ஆளுக்கொரு எண்ணைப் போட்டுக் கேட்கும். ஒருவர் விடையை இன்னொருவர் ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் பயனில்லை.

எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம், அதிகபட்ச மதிப்பெண்தான் கணக்கு என்று விடுங்கள். உள்மதிப்பீட்டு 25-இல் துறை அனுமதித்தால் ஒரு ஐந்தை இதற்கு ஒதுக்குங்கள். அதற்கு மேல் ஒதுக்கினால் கற்பது நின்று காப்பியடிப்பது தொடங்கும்.

படி 8: அசைன்மென்ட், சாட்ஜிபிடி

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு "மார்ஜினல் காஸ்டிங்கின் நன்மை தீமைகளை எழுதுக" என்ற அசைன்மென்ட்டுக்கு உயிர் இல்லை. அதற்கு முன்னும் அது சீனியரின் நோட்டிலிருந்துதான் வந்தது, நியாயமாகப் பார்த்தால் இயந்திரத்தை மட்டும் திட்ட முடியாது.

நான் இப்போது கேட்பது: உங்கள் தெருவில் ஒரு கடைக்குப் போங்கள். டீக்கடை, தையல் கடை, ஜெராக்ஸ் கடை எதுவானாலும் சரி. உரிமையாளர் சம்மதத்தோடு ஒரு மாதச் செலவைக் கேட்டு, நிலையானது, மாறுவது என்று பிரியுங்கள். ஃபோனில் கூகுள் ஷீட்ஸில் போட்டு, எத்தனை டீ விற்றால் வாடகை கழியும் என்று கண்டுபிடியுங்கள். பிறகு என்னிடம் வந்து இரண்டு நிமிடம் பேசுங்கள். அந்த இரண்டு நிமிடத்தில் நான் ஒரே ஒரு எண்ணை மாற்றுவேன்: "பால் விலை மூணு ரூபாய் ஏறினா?" தானே செய்தவர் உடனே ஷீட்டில் தட்டுவார். வாங்கி வந்தவர் என் முகத்தைப் பார்ப்பார்.

62 பேருக்குத் தலா இரண்டு நிமிடம், இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். 62 அசைன்மென்ட் திருத்துவதைவிடக் குறைவு. டீக்காரர் கேஸ் சிலிண்டரை நிலையான செலவில் சேர்த்திருந்தார் என்று ஒரு குழு என்னிடம் சண்டைக்கு வந்தது. அது எந்தப் பக்கம் என்று அரைமணி நேரம் பேசினோம்.

படி 9: எதிர்ப்பை எதிர்பாருங்கள்

மூன்றாவது வாரம் வரும். "சார் எதுவுமே நடத்தறதில்ல, நம்மளையே பேசச் சொல்றார்" என்ற பேச்சு துறைத் தலைவர் அறை வரை போகும். என் விஷயத்தில் போனது.

2019-இல் ஹார்வர்டு இயற்பியல் வகுப்புகளில் ஒரு ஆய்வு செய்தார்கள். ஒரே பாடம், ஒரு குழுவுக்கு மெருகான சொற்பொழிவு, இன்னொரு குழுவுக்குத் தாங்களே முயன்று செய்யும் வகுப்பு. தேர்வில் முயன்றவர்கள் அதிகம் எடுத்தார்கள். ஆனால் "எவ்வளவு கற்றோம்" என்று கேட்டபோது சொற்பொழிவு கேட்டவர்கள்தான் அதிகம் கற்றதாக நினைத்தார்கள். நல்ல பேச்சைக் கேட்கும்போது எல்லாம் புரிந்ததுபோல் இருக்கும், முட்டி மோதும்போது மக்கு என்று தோன்றும். இதை முதல் வாரத்திலேயே மாணவர்களிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். நான் சைக்கிள் பழகியதைச் சொல்வேன்: யாராவது ஓட்டியதைப் பார்த்துக் கற்றவர் கை தூக்குங்கள்.

துறைத் தலைவரிடம் வேறு எண்கள் கொண்டுபோங்கள். அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்களில் நடந்த 225 ஆய்வுகளைத் தொகுத்து 2014-இல் வந்த கட்டுரை, வெறும் விரிவுரையில் தோற்கும் வாய்ப்பு, மாணவர் ஈடுபடும் வகுப்பில் இருப்பதைப்போல் ஒன்றரை மடங்கு என்றது. வணிகவியல் அதில் இல்லை. அதனால்தான் அடுத்த படியில் சொந்த எண் வேண்டும்.

படி 10: அளந்து பாருங்கள்

யூனிட் தொடங்கும் முன் பத்து கருத்துக் கேள்வி, முடிந்த பின் அதே பத்து. இரண்டுக்கும் மதிப்பெண் கிடையாது. வகுப்பின் சராசரி முன்னால் 30 விழுக்காடு, பின்னால் 65 என்று வையுங்கள். கற்க மீதமிருந்தது 70, கற்றது 35. 35-ஐ 70-ஆல் வகுத்தால் வருவது ஈட்டம், இங்கே 0.5. அமெரிக்க இயற்பியல் பேராசிரியர் ரிச்சர்ட் ஹேக் 1998-இல் ஏறத்தாழ 6,500 இயற்பியல் மாணவர்களின் எண்களை இந்த முறையில் பார்த்தார். வழக்கமான வகுப்புகளில் சராசரி 0.23, மாணவர் ஈடுபடும் வகுப்புகளில் 0.48. என் முதல் வருட எண் 0.31. பெருமைப்பட ஒன்றுமில்லை, ஆனால் எந்த இரண்டு கேள்வியில் ஒருவரும் நகரவில்லை என்று அதில் தெரிந்தது. அந்த இரண்டுக்கும் வீடியோவைத் திரும்ப எடுத்தேன்.

ஆறாவது வாரத்தில் ஒரு நிமிடத் தாளும் கொடுங்கள், பெயர் எழுதாமல்: எது உதவுகிறது, எது குழப்புகிறது, என்ன மாற்றலாம். அடுத்த வகுப்பில் அதைப் பற்றிப் பேசுங்கள், ஒன்றையாவது மாற்றுங்கள். எனக்கு வந்த தாள் ஒன்றில் இப்படி இருந்தது: "பக்கத்துல இருக்கறவங்ககிட்ட பேசச் சொல்றீங்க, என் பக்கத்துல யாரும் உக்கார மாட்டாங்க." அன்றிலிருந்து வாதத்துக்கு நானே நான்கு பேராகப் பிரித்துவிடுகிறேன், பட்டியலை வாரம் ஒருமுறை மாற்றுகிறேன். பத்துப் படியில் எதை விட்டாலும் இதை விடமாட்டேன்.

கேள்விகளை ஒரே கோப்பில் வையுங்கள். ஒவ்வொன்றின் கீழும் தேதி, முதல் வாக்கு, இரண்டாம் வாக்கு, யார் பெயரும் இல்லாமல் கேட்ட ஒரு நல்ல வாதம். மாவுக் கடைக்குக் கீழே என் கோப்பில் 19, 47 என்று இருக்கிறது. அதற்குக் கீழே, "வாடகை எப்படியும் குடுத்துத்தானே ஆகணும்". ஜூனில் அடுத்த யூனிட்டை எடுக்கும்போது அந்தக் கோப்பிலிருந்துதான் தொடங்குவேன்.